நிலநடுக்கக் களத்தில் கை, கால் அறுவைக்கு மயக்கம் கொடுக்கப் போகிறீர்களா?

நிலநடுக்க நிவாரணக் குழுவில் முதல் தடவையாகப் போகிற மயக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "கீட்டமைன் போதுமா, பிளாக் போடணுமா?" அதாவது ஊசிவழி மயக்க மருந்தா, அந்தக் கை காலின் நரம்பை மட்டும் மரக்கவைக்கும் ஊசியா. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது மூன்றாவதோ நான்காவதோ வர வேண்டியது. இடிபாட்டில் மணிக்கணக்காகக் கால் மாட்டிக்கொண்டவர் மேசையில் சரிந்துபோனால், பிளாக் சரியாக விழாதது காரணமாக இருக்காது. நசுங்கிய தசையிலிருந்து ரத்தத்துக்குள் கொட்டும் பொட்டாசியமும், உடம்பில் வற்றிப்போன நீருமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். காலுக்கு மயக்கம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால் இது கண்ணில் படாது.

இந்தக் கட்டுரை மயக்க மருத்துவத்தில் எம்.டி., டி.ஏ., டி.என்.பி. முடித்தவர்களுக்கும் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கும். மருந்தளவுகள் எல்லாம் வளர்ந்தவர்களுக்கானவை, வேறாகச் சொன்ன இடம் தவிர. தியேட்டரில் மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது பழகியதைத்தான் களத்தில் செய்ய வேண்டும். அங்கே போய்ப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முயல வேண்டாம்.

எப்போது போய்ச் சேருகிறீர்கள்?

2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8.46. குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியபோது பூஜ் நகரின் மாவட்ட மருத்துவமனையே இடிந்து விழுந்தது. அடிபட்டவர்களுக்கு மைதானத்திலும் கூடாரங்களிலும் வைத்துத்தான் சிகிச்சை நடந்தது. 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17-க்குத் துருக்கியில் 7.8 அளவில் நிலம் அதிர்ந்தபோதும் இதே கதைதான். ஹதாய் மாகாணத்தின் இஸ்கெண்டெருன் நகரில் அரசு மருத்துவமனையின் ஒரு கட்டடம் சரிந்தது. 'ஆபரேஷன் தோஸ்த்' என்ற பெயரில் போன இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவமனை அந்த ஊரில்தான் 30 படுக்கைகளோடு இயங்கியது. ஆக, உள்ளூர் மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாய் இருக்கும், ரத்த வங்கி இருக்கும் என்ற கணக்கோடு கிளம்பாதீர்கள். உள்ளூர் மருத்துவர்களும் வீட்டில் யாரையாவது இழந்தவர்களாக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எந்த நாளில் போய் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலை மாறும். முதல் நாள், இரண்டாம் நாள் வருபவர்கள் நசுங்கிய கை கால்கள், திறந்த எலும்பு முறிவுகள், வெட்டி எடுத்தே ஆக வேண்டிய உறுப்புகளோடு வருவார்கள். வெளியூர்க் குழுக்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர முடிகிறது. அப்போது வருவது சீழ் பிடித்த காயம், அழுத்தம் இறங்க ஏற்கெனவே பிளந்து விடப்பட்ட தசைப்பெட்டிகள் (உறைக்குள் அடங்கிய தசைக்கட்டுகள்), வெளியே கம்பி மாட்ட வேண்டிய முறிவுகள், சிறுநீர் நின்றுபோன நோயாளிகள். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் 1 கிராம் கொடுத்தால்தான் பலன். இரண்டாம் நாள் மீட்கப்பட்டவருக்குப் பழக்கதோஷத்தில் அதை ஏற்றுவதில் பொருளே இல்லை.

பெட்டியில் என்ன வைப்பது

முழுப் பட்டியல் குழுத் தலைவரிடம் இருக்கும். நான் சொல்வது மறந்துபோகிற சாமான்களை மட்டும்.

கால்சியம் குளுக்கோனேட் 10% ஆம்பூல்கள், நீங்கள் நினைப்பதைப் போல மூன்று மடங்கு. ரெகுலர் இன்சுலின், 25% டெக்ஸ்ட்ரோஸ், சால்பியூட்டமால் ரெஸ்ப்யூல்கள், நெபுலைசர். சிறுநீர்க் கத்தீட்டர்களும் பைகளும். சிறுநீர் டிப்ஸ்டிக். பொட்டாசியம் பார்க்கும் கைக்கருவி கிடைத்தால் அதன் கார்ட்ரிட்ஜ்களைக் குளிர்பெட்டியில். அது இல்லாவிட்டால், பேப்பர் அடிக்கும் சின்ன ஈசிஜி இயந்திரமாவது கட்டாயம். மரக்கவைக்கும் மருந்து நச்சானால் மாற்று மருந்தான 20% லிப்பிட் எமல்ஷன் இல்லாமல் பிளாக் போடக் கிளம்பவே கூடாது. பேட்டரியில் ஓடும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இரண்டு, ஒன்று உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தலைவிளக்கு. துணியில் ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி, அழியாத மார்க்கர். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பூ பேக் எத்தனை எடுத்தாலும் போதாது.

ஆக்சிஜன் கணக்கைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். நம் ஊர் பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், ஜம்போவில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் பி டைப் 5 மணி நேரம்தான் வரும். நாலு கேஸ் முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஜெனரேட்டர் இருந்தால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கான்சென்ட்ரேட்டரை நம்பலாம், கான்சென்ட்ரேட்டர் நிற்கும் நேரத்துக்குத்தான் சிலிண்டர். இன்னொன்று: சிலிண்டரின் நிறத்தை நம்பாதீர்கள். நம் ஊரில் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் ஆக்சிஜன். அமெரிக்காவிலிருந்து வருவது பச்சை. பல நாட்டு உதவி வந்து குவிந்த கிடங்கில் லேபிளைப் படித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

கீட்டமைன் குப்பிகளில் 10 மி.கி./மி.லி., 50 மி.கி./மி.லி. என்று இரண்டு அடர்த்திகள் உண்டு. நன்கொடையாக வருவதில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஐந்து மடங்கு தவறு நடக்க ஒரு தூக்கமில்லாத இரவு போதும். எனவே ஒரே விதி: எந்தக் குப்பியாக இருந்தாலும் சிரிஞ்சில் 10 மி.கி./மி.லி. மட்டும்தான் இருக்க வேண்டும். 50 அடர்த்தியில் 2 மி.லி. எடுத்து 10 மி.லி. வரை சலைன் சேர்த்தால் கணக்கு சரி. யார் கலந்தாலும் மேலே எழுதி ஒட்ட வேண்டும்.

நோயாளி வந்துவிட்டார்

ஒரு கேஸைப் பிடித்துக்கொண்டு போவோம். நாற்பத்தைந்து வயதுப் பெண், சுமார் 60 கிலோ. வலது கால் முழங்காலுக்குக் கீழே கான்கிரீட் ஸ்லாபுக்கு அடியில் 14 மணி நேரம் இருந்திருக்கிறது. மீட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். நாடி 124, பிரஷர் 100/70. பாதம் சில்லென்று இருக்கிறது, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. சர்ஜன் காலைப் பார்த்துவிட்டார்: "எடுத்துடலாம். எவ்வளவு நேரத்தில் தூங்க வைப்பீங்க?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். அடிபட்ட கால் எல்லோருடைய கண்ணையும் இழுத்துக்கொள்ளும். நீங்கள் அதைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். மூச்சு இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா, வயிறு இறுகியிருக்கிறதா, இடுப்பெலும்பு அசைகிறதா, கழுத்தைத் தொட்டால் வலிக்கிறதா. கையடக்க அல்ட்ராசவுண்ட் இருந்தால் வயிற்றிலும் நெஞ்சிலும் ஒரு சுற்று. இரண்டு நிமிட வேலை. பேசுகிறார் என்பதை வைத்து நல்ல நிலையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடிபாட்டுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், பாரம் விலகிய சிறிது நேரத்தில் இறந்துபோவதை மீட்புப் பணியாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அதற்குக் காரணம் இதுதான். நசுங்கிக் கிடக்கும்போது தசைக்குள் ரத்தம் ஓடாது. பாரம் விலகியதும் ரத்தம் திரும்பப் பாயும். உடைந்த தசையணுக்களிலிருந்து பொட்டாசியம், அமிலம், மயோகுளோபின் என்ற தசைப்புரதம் எல்லாம் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வந்து சேரும். அதே சமயம் ரத்தத்திலுள்ள நீர், லிட்டர் கணக்கில் அந்தத் தசைக்குள் போய்த் தங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடச் சிந்தாமல் ஒருவர் ஷாக்கில் இருக்க முடியும். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் புதையுண்டு மீட்கப்பட்ட நால்வரைக் கவனித்து பைவாட்டர்ஸும் பீலும் இதை எழுதிவைத்தார்கள். 1988 டிசம்பர் 7 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் சிறுநீரகம் நின்றுபோனவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தபோது டயாலிசிஸ் உதவியை ஒழுங்கு செய்ய ஆளில்லாமல் போனது. சர்வதேச நெப்ராலஜி சங்கம் பேரிடருக்கென்றே ஒரு குழுவை அமைத்தது அதற்குப் பிறகுதான். 1999-ல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் 639 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

சரி, நம் நோயாளிக்கு வருவோம். அடிபடாத கையில் 16 அல்லது 18 கேஜ் ஊசி, முடிந்தால் இரண்டு. நார்மல் சலைன், முதல் இரண்டு மணி நேரத்துக்கு மணிக்கு 1 லிட்டர், பிறகு பாதியாகக் குறைத்து நிலைமையைப் பார்த்து முடிவு. உண்மையில் இந்த டிரிப் இடிபாட்டுக்குள் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். மீட்பவர்களோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. அளவு பெரிதில்லை என்று வாதாடலாம். ஆனால் பொட்டாசியம் எவ்வளவு என்றே தெரியாத முதல் மணி நேரங்களில் சலைன்தான் கை கொடுக்கும். வயதானவர், இதய நோயாளி என்றால் வேகம் குறையும்.

கத்தீட்டர் போட்டு வருகிற சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கடும் டிகாஷன் நிறத்தில் வந்தால் மயோகுளோபின் இறங்குகிறது. டிப்ஸ்டிக் ரத்தம் என்று காட்டும், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இருக்காது. மணிக்கு 200 முதல் 300 மி.லி. சிறுநீர் போக வேண்டும் என்பது இலக்கு. 3 முதல் 6 லிட்டர் ஏற்றியும் ஒரு சொட்டும் வராவிட்டால் ஏற்றுவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் போவது நுரையீரலுக்குள்தான். சி.வி.பி. (மையச் சிரை அழுத்தம்) எல்லாம் பார்க்க முடியாத கூடாரத்தில், முதுகுப் பக்கம் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்பதுதான் உங்கள் மானிட்டர்.

பொட்டாசியம்: இதில் அவசரப்படலாம்

ஈசிஜி எடுக்காமல் மயக்கம் தொடங்க வேண்டாம். டி அலை கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறதா, பி அலை தட்டையாகிவிட்டதா, க்யூஆர்எஸ் அகலமாகிறதா. அகலமாகியிருந்தால் லேப் முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. கால்சியம் குளுக்கோனேட் 10% 10 மி.லி., இரண்டு மூன்று நிமிடத்தில். ஈசிஜி திருந்தாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. இது இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. அதன் பாதுகாப்பு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். அதற்குள் இன்சுலின் 10 யூனிட்டை 25 கிராம் குளுக்கோஸுடன் (25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.) ஏற்றிவிட வேண்டும். சால்பியூட்டமால் 10 மி.கி. நெபுலைஸ் செய்யலாம், அதாவது நாலு ரெஸ்ப்யூல். சர்க்கரையை மணிக்கு ஒரு முறையாவது பாருங்கள். பட்டினியோடு மீட்கப்பட்டவருக்கு இன்சுலின் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடக் கூடாது. இவை எல்லாம் சில மணி நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவே. டயாலிசிஸ் எங்கே இருக்கிறது, எந்த ஹெலிகாப்டரில் அனுப்பலாம் என்ற பேச்சை அந்த நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

ரத்தத்தில் கால்சியம் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கால்சியம் ஏற்ற வேண்டாம். அது சிதைந்த தசையில் போய்ப் படியும், சில நாள் கழித்துத் திரும்பி வந்து கால்சியத்தை மிகையாக்கும். ஈசிஜி கெட்டால் மட்டும்.

தசையைத் தளர்த்தும் மருந்தான சக்ஸாமெத்தோனியத்தைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. சாதாரண ஆளுக்கே அது பொட்டாசியத்தை லிட்டருக்கு 0.5 மில்லி ஈக்விவலன்ட் அளவுக்கு ஏற்றும். நசுங்கிய தசை உள்ளவருக்கு முதல் நாளில் பொட்டாசியம் ஏற்கெனவே உச்சியில் இருக்கும். ஓரிரு நாள் போனால் தசையில் புதிய ஏற்பிகள் முளைத்து ஆபத்து இன்னும் கூடும். களத்தில் 'பாதுகாப்பான நாள்' என்று ஒன்று கிடையாது. ராக்குரோனியம் 1.2 மி.கி./கிலோ அதன் இடத்தைப் பிடிக்கும்.

இப்போது மயக்கம்

வயிறு காலி என்று நினைக்க வேண்டாம், 14 மணி நேரமாக ஒன்றும் சாப்பிடாதவராக இருந்தாலும். அடியும் வலியும் பயமும் வயிற்றை நிறுத்திவைத்துவிடும். சக்‌ஷன் ஓடுகிறதா என்று நீங்களே கையால் சோதியுங்கள். காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன் ஒன்று இருந்தால் மின்சாரம் போனாலும் கவலையில்லை.

கீட்டமைனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும், மூச்சை நிறுத்தாது, வலியைப் போக்கும், மின்சாரம் தேவையில்லை. வழக்கமாக 1 முதல் 2 மி.கி./கிலோ சிரைவழி. ஆனால் நம் நோயாளி ஷாக்கின் விளிம்பில் இருக்கிறார். 'கீட்டமைன் பிரஷரை ஏற்றும்' என்ற பாடம், உடம்பில் அட்ரினலின் மிச்சம் இருப்பவருக்கு மட்டும்தான் பொருந்தும். நெடுநேரம் போராடிக் களைத்த இதயத்தை அதே கீட்டமைன் தளர்த்திவிடும். எனவே 0.5 முதல் 1 மி.கி./கிலோ, அதாவது 30 முதல் 60 மி.கி., ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக. பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை 30 மி.கி. எச்சில் ஊறினால் கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி. விழிக்கும்போது மிரளாமல் இருக்க மிடாசோலம் 1 மி.கி. போதும். அதற்கு மேல் போனால் கீட்டமைன் காப்பாற்றிவைத்த மூச்சை மிடாசோலம் குறைத்துவிடும். மூச்சு குறைந்தால் கரியமில வாயு ஏறும், ரத்தம் அமிலமாகும், பொட்டாசியமும் கூடவே ஏறும். இந்தச் சங்கிலியை மறக்காதீர்கள். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் இல்லையென்றால் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே நில்லுங்கள்.

"அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சர்ஜன் சொன்னால் அரை மணிக்கு மருந்தை எடுத்து வையுங்கள். இதற்கு நிலநடுக்கம் வரைக்கும் போக வேண்டியதில்லை, நம் ஊர்த் தியேட்டரிலும் இதே கணக்குதான்.

பிளாக் எப்போது? நோயாளியின் நீர் நிலை ஓரளவு சரியான பிறகு, கைதேர்ந்தவர் கையில், காலுக்கும் கைக்கும் இதைவிட நல்லது இல்லை. முழித்திருப்பார், வாந்தி வந்தாலும் தொண்டை காக்கும், அறுவை முடிந்து பல மணி நேரம் வலி இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆள் குறைவு என்கிற பிரச்சினையும் பாதி தீரும். முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கு ஃபெமரல், சயாட்டிக் இரண்டும் வேண்டும். பாதம், கணுக்கால் வேலைக்கு பாப்ளிட்டியலும் சஃபீனஸும். தொடை எலும்பு முறிந்து தூக்கக்கூட விடாதவருக்கு, தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன்பே இடுப்புப் பக்கம் போடும் ஃபேசியா இலியாக்கா பிளாக்.

அளவு முக்கியம். மரக்கவைக்கும் மருந்தான பியூபிவக்கேய்ன் 2 மி.கி./கிலோ என்றால் 60 கிலோவுக்கு 120 மி.கி. ஆனால் அமிலம் ஏறிய உடம்பில் நச்சு சீக்கிரமே தலைகாட்டும். நான் 100 மி.கி.யோடு நிறுத்தச் சொல்வேன். 0.375% கரைசலில் 26 மி.லி. வருகிறது. சயாட்டிக்குக்கு 16, ஃபெமரலுக்கு 10. அல்ட்ராசவுண்டில் நரம்பைச் சுற்றி மருந்து படர்வதைப் பார்த்துப் போட்டால் இது போதும். நோயாளி வாய் மரக்கிறது, காதில் ரீங்காரம் என்று சொன்னால், வலிப்பு வந்தால், இதயத் துடிப்பு தாறுமாறானால் உடனே 20% லிப்பிட் எமல்ஷன் 1.5 மி.லி./கிலோ. இவருக்கு 90 மி.லி. அதன் பிறகு நிமிடத்துக்கு 0.25 மி.லி./கிலோ என்று தொடருங்கள்.

பிளாக் போடும் முன் இரண்டு காரியம். ஒன்று, விரல் அசைகிறதா, எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று பார்த்து எழுதிவையுங்கள். நசுங்கிய காலில் நரம்பு ஏற்கெனவே போயிருக்கலாம், பழி உங்கள் ஊசியின் மேல் விழக் கூடாது. இரண்டாவது இதைவிடப் பெரியது. கால் வெட்டாமல் காப்பாற்றப் போகிறார்கள் என்றால், தசைப்பெட்டி அழுத்தம் ஏறுகிறதா என்று சர்ஜனோடு வெளிப்படையாகப் பேசுங்கள். அந்த நோய்க்கு முதல் அறிகுறியே அடங்காத வலி. நாம் அடர்த்தியான பிளாக் போட்டு அதை மூடிவிட்டு, யாரும் பார்க்காத கூடாரத்தில் இரவு முழுக்கப் படுக்க வைத்தால் கால் போய்விடும். அழுத்தமானி இருந்தால் கீழ் பிரஷருக்கும் தசைப்பெட்டி அழுத்தத்துக்கும் இடையே 30 மி.மீ.க்குக் குறைவாக வந்தால் ஆபத்து. பிளந்துவிட்ட தசைப்பெட்டிக்கும் காலையே எடுத்துவிட்ட கேஸுக்கும் இந்தக் கவலை இல்லை. நம் நோயாளிக்குக் காலை எடுக்கிறார்கள், எனவே தாராளமாக பிளாக் போடலாம்.

கைக்கு வந்தால், காறை எலும்புக்கு மேலே போடும் சுப்ராகிளாவிக்குலர் பிளாக் ஒரு பக்கத்து உதரவிதானத்தைத் தளர்த்திவிடக்கூடும், நுரையீரலையும் குத்திவிடலாம். மார்பிலும் அடிபட்டவருக்கு அக்குள் வழியே போடுவது மேல்.

ஸ்பைனல், அதாவது முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பது, நம் எல்லோருக்கும் கைவந்த கலை. அதனாலேயே ஆபத்து. நீர் வற்றிய உடம்பில் 3 மி.லி. ஹெவி பியூபிவக்கேய்ன் போட்டால் பிரஷர் விழுந்து எழாது. முதல் நாளில் வேண்டாம். மூன்றாம் நாளுக்கு மேல், நீர் நிலை சரியாகி, காய்ச்சல் இல்லாமல், ரத்தம் உறைவதில் சிக்கல் இல்லாமல், காயம் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு 2 முதல் 2.5 மி.லி. அருமையாக வேலை செய்யும். இங்கே ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி அதிர்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருப்பவர் எழுந்து ஓட முடியாது. விரிசல் விட்ட கட்டடத்துக்குள் ஸ்பைனல் போடுவதற்கு முன், இவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட நாலு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். கூடாரம்தான் நல்லது.

முழு மயக்கமும் ட்யூபும் தேவைப்படும் கேஸ்கள் வரும்: தலையில் அடி, மார்பில் அடி, பல இடங்களில் ஒரே நேரத்தில் அறுவை. கீட்டமைன், ராக்குரோனியம், வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தால் அது. தொடர்ந்து தளர்த்த அட்ராக்குரியம் நல்லது, சிறுநீரகத்தை நம்பியிருக்காது. முடிந்தபின் வென்டிலேட்டர் வேண்டும் என்று தெரிந்தால், அந்த வென்டிலேட்டர் யாருடையது என்று தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

டூர்னிகே தளரும் நேரம்

இது தனியாகச் சொல்ல வேண்டிய இடம். மீட்பவர்கள் காலில் டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்கமான கட்டு) கட்டி அனுப்பியிருந்தால், மணிக்கணக்காக அதற்குக் கீழே தேங்கிய பொட்டாசியமும் அமிலமும் கட்டை அவிழ்த்த நிமிடத்தில் ஒரேயடியாக மேலே வரும். காலை எடுப்பது முடிவாகிவிட்டால் கட்டுக்கு மேலேயே வெட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை, நசுங்கிய தசை கட்டோடு சேர்ந்து போய்விடும். ஆனால் கட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு காலை மிச்சம் பிடிக்கலாம் என்பதெல்லாம் சர்ஜனின் கணக்கு. அவிழ்க்கத்தான் போகிறார் என்றால் இந்த ஒழுங்கு:

சர்ஜன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் "சரி" என்ற பிறகுதான் அவிழ்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் கால்சியம் சிரிஞ்சில் ஏறியிருக்க வேண்டும், டிரிப் வேகமாக ஓட வேண்டும், ட்யூப் இருந்தால் மூச்சைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

மெதுவாகத் தளர்த்தி, ஈசிஜியைப் பார்த்து, க்யூஆர்எஸ் விரிந்தால் மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும்.

அவிழ்த்த பிறகும் கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்காதீர்கள். பத்து நிமிடம் யாரோடும் பேச வேண்டாம்.

குளிரை இங்கேயே சொல்லிவிடுகிறேன். துருக்கியில் அது பிப்ரவரி, உறைபனி. கூடாரத்தில் ஆடையைக் களைந்து படுக்க வைத்தவருக்கு உடல் சூடு இறங்கினால் ரத்தம் சரியாக உறையாது. சலைன் பாட்டில்களை வெந்நீர் வாளியில் போட்டு வெதுவெதுப்பாக்கலாம். ஃபாயில் போர்வை விலை குறைவு, எடையும் இல்லை.

அறுவை முடிந்த பிறகு

நம் ஊரில் வலி என்றதும் கை தானாகப் போவது டைக்ளோபினாக் ஆம்பூலுக்கு. இங்கே அதைத் தொடவே கூடாது. சிறுநீரகம் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது டைக்ளோ, கீட்டோரோலாக், ஜென்டாமைசின், அமிகாசின் எதுவும் வேண்டாம். வார்டில் சேவை செய்யும் நர்ஸ்களிடமும் தன்னார்வலர்களிடமும் இதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் கையும் அங்கேதான் போகும். பாராசிட்டமால் 1 கிராம், பிளாக்கின் மிச்சம், தேவைப்பட்டால் ஃபென்டனில் சின்னச் சின்ன அளவாக, இல்லாவிட்டால் கீட்டமைன் 0.1 முதல் 0.3 மி.கி./கிலோ. மார்ஃபின் சிறுநீரகம் போனவருக்குத் தேங்கும், குறைத்துக் கொடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். யாராவது போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்து, யாரும் போடாமல் விட்டுவிடுவது சகஜம்.

கீட்டமைன் கொடுத்தவரைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் உட்கார ஆள் இல்லையென்றால் உறவினருக்குச் சொல்லிக்கொடுங்கள்: மூச்சு ஏறி இறங்குவதை இப்படிப் பார், குறட்டை வந்தால் தாடையை இப்படித் தூக்கு, உதடு நீலமானால் கத்து. பாஷை தெரியாவிட்டாலும் செய்து காட்டினால் புரிந்துகொள்வார்கள். வலிக்கிறதா என்று கேட்க மட்டும் அந்த ஊர் மொழியைத் தெரிந்துகொண்டு போங்கள். குஜராத்தியில் "துகே சே?", நேபாளியில் "துக்ச?".

ஒரு நோயாளி ஒரு தடவை வருவதோடு முடிவதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை காயம் சுத்தம் செய்ய அதே ஆள் திரும்பத் திரும்ப வருவார். முதல் வாரத்துக்குப் பிறகு உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இவர்களாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால், ஏற்கெனவே மெலிந்தவர்கள் இன்னும் மெலிவார்கள். திட உணவுக்கு 6 மணி, தண்ணீருக்கு 2 மணி, அதற்கு மேல் வேண்டாம். பட்டியலில் கடைசியில் இருப்பவருக்குக் காலையில் கஞ்சி கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகள் வருவார்கள். எடை போட வழி இல்லையென்றால் வயதோடு 4-ஐக் கூட்டி இரண்டால் பெருக்குங்கள், ஒன்று முதல் பத்து வயது வரை ஏறக்குறைய சரியாக வரும். சிரை கிடைக்காவிட்டால் தசைவழிக் கீட்டமைன் 4 முதல் 5 மி.கி./கிலோ, நாலைந்து நிமிடத்தில் தூங்கிவிடும். கர்ப்பிணியை இடது பக்கம் சாய்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

காலை எடுப்பதற்கான சம்மதம்

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியில் ஆயிரக்கணக்கானோர் கை கால்களை இழந்தார்கள். எல்லாமே எடுத்தே ஆக வேண்டியவைதானா, முறையாகச் சம்மதம் வாங்கினார்களா, எழுதிவைத்தார்களா என்ற கேள்விகள் அப்போது பலமாக எழுந்தன. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வகைப்பாடும் குறைந்தபட்சத் தரமும் வகுத்ததற்கு ஹெய்ட்டி அனுபவமும் ஒரு காரணம். இது சர்ஜனின் வேலை என்று நாம் ஒதுங்கக் கூடாது. கீட்டமைனுக்குப் பிறகு கேட்ட சம்மதம் சம்மதமே அல்ல. மருந்து தரும் முன் மொழிபெயர்ப்பவர் வந்தாரா, வீட்டார் யாராவது இருக்கிறார்களா, இரண்டாவது சர்ஜன் பார்த்தாரா என்று கேட்கும் உரிமை ஊசியைக் கையில் வைத்திருப்பவருக்கு உண்டு. உயிர் போகும் நிலையில் யாரும் இல்லையென்றால் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து, நேரத்தோடு எழுதிவையுங்கள்.

எழுதிவைப்பது

காகிதம் தொலையும், நோயாளி இடம் மாறுவார், நீங்கள் ஊர் திரும்புவீர்கள். எனவே உடம்பின் மேலேயே எழுதுங்கள். நெஞ்சில் ஒட்டிய பிளாஸ்திரியில் பெயர், எடை, என்ன மருந்து, எத்தனை மணிக்கு. டூர்னிகே கட்டிய நேரம் நெற்றியில். பிளாக் போட்ட காலில் "மரத்திருக்கிறது, இத்தனை மணி வரை" என்று உள்ளூர் மொழியில், யாராவது எழுதித் தந்தால் பார்த்து வரைந்துவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு தாள், படமெடுத்து வைத்துக்கொள்ள: மொத்தம் ஏற்றிய திரவம், மணிவாரியாகச் சிறுநீர், கடைசி பொட்டாசியம் அல்லது ஈசிஜி துண்டு, பிளாக்குக்கு முன் நரம்பு நிலை, டெட்டனஸ், அடுத்த சுத்தம் செய்யும் நாள். அடுத்து வரும் குழுவின் மயக்க மருத்துவரை நீங்கள் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் கிடைப்பது இந்தத் தாள் மட்டும்தான்.